பெயர் தெரியாத பழைய பிரெஞ்சு சாக்ஸபோன்: யார் செய்தது, எப்போது செய்தது என்று கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

பிரான்சில் செய்த பழைய சாக்ஸபோன் என்றாலே முதலில் செல்மர் நினைவுக்கு வரும், அடுத்து புஃபே கிராம்போன். இந்த இரண்டுக்கும் சீரியல் நம்பர் பட்டியல்கள் இருக்கின்றன. நம்பரை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஆண்டு தெரிந்துவிடும், பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. சிக்கல் மற்றவற்றில்தான். பெல்லில் (கருவியின் விரிந்த வாய்ப்பகுதி) கேள்விப்படாத ஒரு பெயர், அதன் கீழே "பாரிஸ்" என்று ஒரே ஒரு சொல், பின்பக்கம் நான்கைந்து இலக்க எண், இணையத்தில் தேடினால் இரண்டு மூன்று விற்பனை விளம்பரங்கள், அவற்றிலும் "மிக அரிய கருவி" என்பதைத் தவிர ஒரு தகவலும் இருக்காது. அப்படி ஒன்று உங்கள் கையில் இருந்தால் இது உங்களுக்காக.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெல்லில் செதுக்கியிருக்கும் பெயரைக் கடைசியாக நம்புங்கள், உலோக வேலையை முதலில் நம்புங்கள். நம் ஊரில் நகைக்கடை பெயர் போட்ட காலண்டரை அந்த நகைக்கடை அச்சடிப்பதில்லை, அது சிவகாசியில் அச்சாகி வருகிறது. பழைய பிரெஞ்சு சாக்ஸபோன்களில் பெரும்பகுதி அப்படித்தான். ஒரு தொழிற்சாலை செய்யும், லியோனிலோ லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும் ஒரு கடைக்காரர் தன் பெயரைச் செதுக்கி விற்பார். இப்படிக் கடைப்பெயரோடு வரும் கருவிகளை இந்தத் துறையில் ஸ்டென்சில் என்பார்கள்.

ஏன் இவ்வளவு பெயர்கள்

அடோல்ஃப் சாக்ஸ் பெல்ஜியத்தின் தினான் ஊரில் 1814-ல் பிறந்தவர். 1842-ல் பாரிசுக்கு வந்து, 1846-ல் சாக்ஸபோனுக்கு பிரெஞ்சுக் காப்புரிமை வாங்கினார். அது 1866-ல் காலாவதியானதும் பாரிசின் மற்ற பட்டறைகள் எல்லாம் சாக்ஸபோன் செய்ய இறங்கிவிட்டன. அதன்பின் நூறாண்டுக்கு மேலாக இந்தத் தொழில் ஒரு சில இடங்களைச் சுற்றியே நடந்தது: பாரிஸ் நகரம், அதற்கு மேற்கே மாந்த் ஊரும் அதை ஒட்டிய மாந்த்-லா-வில்லும், நார்மண்டியில் லா கூத்தூர்-பூசே என்ற சின்ன ஊர், கிழக்கே ஷாத்தோ-தியெரி. செல்மர், புஃபே, டோல்னே, போனியே எல்லாம் மாந்த் பகுதிக்காரர்கள். பட்டறைகள் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் ஒரு நிறுவனத்தின் வடிவத்தை அடுத்த நிறுவனத்தின் கருவியில் பார்க்கும்போது ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அடையாளம் காண்பதில் பாதிக் குழப்பமும் இதனால்தான் வருகிறது.

முதல் படி: துடைக்காதீர்கள்

கருவி கையில் கிடைத்ததும் பிராசோவை எடுத்துத் தேய்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து வேண்டாம். பழைய முத்திரைகள் பல ஆழம் குறைந்தவை. ஏற்கெனவே இரண்டு மூன்று முறை பாலிஷ் போட்டுத் தேய்ந்திருந்தால் இன்னொரு முறை தேய்த்தாலே எழுத்து போய்விடும். தூசியை மெல்லிய உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

அப்புறம் படம் எடுங்கள், நேர் வெளிச்சத்தில் வேண்டாம். அறையை இருட்டாக்கி, டார்ச்சை உலோகத்துக்குக் கிட்டத்தட்ட இணையாகச் சாய்த்துப் பிடித்தால், கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூட நிழல் விழுந்து தெரியும். அப்படியும் தெரியவில்லை என்றால் மெல்லிய தாளை மேலே வைத்து மென்மையான பென்சிலால் லேசாகத் தேய்த்து எடுங்கள். பெல்லின் முகப்பு, பின்பக்கம் கட்டைவிரல் கொக்கிக்கு மேலும் கீழும், கழுத்துக் குழாய் செருகும் வளையம், கழுத்துக் குழாயின் அடிப்பகுதி, பெரிய கீ (துளைகளைத் திறந்து மூடும் அமைப்பு) மூடிகளின் உட்புறம் என்று எல்லாவற்றையும் பாருங்கள். பட்டறையில் பொருத்தும்போது குழாயிலும் கீகளிலும் ஒரே குறியை அடித்து வைப்பதுண்டு. அந்தக் குறி எல்லா இடத்திலும் ஒத்துப்போனால் பாகங்கள் மாறவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். கழுத்துக் குழாயில் மட்டும் வேறு எண் இருந்தால், அது வேறொரு கருவியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எவ்வளவு நாறினாலும் சரி. உள்ளே ஒட்டியிருக்கும் சின்னத் தகடும், லைனிங்குக்குக் கீழே மாட்டிக்கொண்ட ரசீதும் சில நேரம் கருவியைவிட அதிகம் பேசும்.

இரண்டாம் படி: எழுத்துகளை வரி வரியாகப் படிப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் எழுத்து எப்படிப் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். உளியால் கையில் செதுக்கியதா, எஃகு அச்சால் அடித்ததா? பூ வேலையோடு கையால் செதுக்கிய பெயர் கடைக்காரருடையதாக இருக்கலாம், பிறகு சேர்த்ததாகவும் இருக்கலாம். அச்சால் அடித்த சின்னமும் எண்ணும் பெரும்பாலும் பட்டறையிலேயே அடித்தவை. பெல்லில் ஒரு பெயரும் பின்பக்க முத்திரையில் இன்னொரு பெயரும் இருந்தால், செய்தவரைத் தேட முத்திரையிலிருந்து தொடங்குங்கள்.

"ப்ரெவெத்தே எஸ்.ஜி.டி.ஜி." என்ற எழுத்துகளைப் பல கருவிகளில் பார்ப்பீர்கள். காப்புரிமை பெற்றது, ஆனால் அரசு இதற்கு உத்தரவாதம் தரவில்லை என்று அர்த்தம். 1844-ஆம் ஆண்டு சட்டத்தோடு வந்த இந்த வாசகம் 1968-ல் வழக்கொழிந்தது. இது ஒரு நிறுவனத்தின் பெயர் என்று நினைத்து விளம்பரத்தில் போடுபவர்களும் இருக்கிறார்கள், நம்பாதீர்கள். "தெப்போசே" என்றிருந்தால் பதிவு செய்த வணிகச் சின்னம், அவ்வளவுதான். "மேட் இன் பிரான்ஸ்" என்று ஆங்கிலத்தில் இருந்தால் ஏற்றுமதிக்குச் செய்தது என்று எடுத்துக்கொள்ளலாம். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் போட வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் கொண்டுவந்தது.

பதக்கங்களை வைத்து ஆண்டு சொல்வதில் கவனம் தேவை. "பாரிஸ் 1900" என்று செதுக்கியிருந்தால், அந்த ஆண்டு பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குப் பிறகு செய்தது என்று மட்டும்தான் பொருள். வாங்கிய பதக்கத்தை முப்பது ஆண்டு கழித்தும் பெருமையாகச் செதுக்கிக்கொண்டே இருப்பார்கள். "ஓர் கோங்கூர்" என்பது போட்டிக்கு வெளியே என்பதைக் குறிக்கும். தயாரிப்பாளரே நடுவர் குழுவில் இருந்தால் போட்டியில் கலந்துகொள்ள முடியாது, அதையும் ஒரு கௌரவமாகப் போட்டுக்கொண்டார்கள்.

உண்மையான புதையல் முகவரிதான். ஓர் உதாரணம் பார்ப்போம். குவெனோன் என்ற நிறுவனம் கோத்ரோ என்ற பழைய பெரிய பட்டறையின் வாரிசு. ஷாத்தோ-தியெரியில் அதற்குத் தொழிற்சாலை இருந்தது. பாரிசில் அதன் முகவரி 94, ரூ தங்கூலேம். உங்கள் கருவியில் இந்த முகவரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடத்தை 1936-ல் உலோகத் தொழிலாளர் சங்கம் வாங்கிவிட்டது, இன்றும் அது "மெசோன் தே மெத்தாலோ" என்ற பெயரில் கலை அரங்கமாக இருக்கிறது. அந்தத் தெருவின் பெயரும் 1944-ல் ரூ ஷான்-பியேர் தம்போ என்று மாறிவிட்டது. ஆக, அந்த முகவரி செதுக்கிய கருவி 1936-க்கு முந்தையது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். சீரியல் நம்பர் பட்டியல் எதுவும் இல்லாமலே ஒரு எல்லை கிடைத்துவிட்டது பாருங்கள். இதே மாதிரி, செல்மர் கருவியில் வரும் பிளாஸ் தாங்கூர் 1957-ல் பிளாஸ் ஷார்ல் துலென் ஆனது. எவெட் & ஷேஃபர் என்ற பெயரோடு பாசாஜ் து கிரான்-செர்ஃப் முகவரி இருந்தால் அது வேறு யாருமில்லை, 1885-க்குப் பிந்தைய புஃபே கிராம்போன்தான்.

ஊர்ப் பெயரும் இப்படியே உதவும். மாந்த் நகரம் 1930-ல் பக்கத்து ஊரோடு இணைந்து மாந்த்-கசிகூர் ஆனது, 1953-ல் மாந்த்-லா-ஜோலி என்று மாறியது. மாந்த்-லா-வில் தனி ஊர், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மாவட்டத்தின் பெயர் "சேன்-எ-ஊவாஸ்" என்றிருந்தால் 1968-க்கு முன், "இவ்லின்" என்றிருந்தால் அதற்குப் பின். பெட்டியில் உள்ள கடைத்தகட்டில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972-க்குப் பிறகு. பாரிஸ் தொலைபேசி எண் எழுத்துகளோடு தொடங்கினால், எல்லாம் இலக்கமாக மாறிய 1963-க்கு முன். "ஆர்.சி. சேன்" என்று ஓர் எண் இருந்தால் அது வணிகப் பதிவேட்டு எண், அந்தப் பதிவேடே 1919 சட்டத்தால் வந்தது. தகடு கடையின் காலத்தைச் சொல்லுமே தவிர கருவியின் காலத்தைச் சொல்லாது என்பதையும் மறக்கக் கூடாது. பெட்டி பின்னாளில் வாங்கியதாக இருக்கலாம்.

"அடோல்ஃப் சாக்ஸ்" என்றே செதுக்கியிருந்தால்? உடனே துள்ளிக் குதிக்காதீர்கள். அப்பா சாக்ஸ் 1894-ல் காலமானார். அவருக்குப் பின் மகன் அதே பெயரில் நடத்தினார். 1920-களின் இறுதியில் செல்மர் அந்தப் பட்டறையை வாங்கியது, அதன் பிறகும் அந்தப் பெயரில் கருவிகள் வந்தன. அப்பா செய்தவற்றில் 50, ரூ சேன்-ஷோர்ஷ் முகவரி வரும், மூன்றாம் நெப்போலியன் காலத்தவற்றில் பேரரசரின் ராணுவ இல்லத்துக்குக் கருவி செய்பவர் என்ற வாசகமும் வரும். தானாக இயங்கும் ஒற்றை ஆக்டேவ் கீ (மேல் ஸ்தாயிக்குப் போகக் கட்டைவிரலால் அழுத்துவது), லாக்கர் என்ற மெருகுப் பூச்சு எல்லாம் உள்ள ஒரு கருவி அவர் கையால் வந்திருக்க முடியாது.

மூன்றாம் படி: உலோகத்தைப் படிப்பது

இங்கே ஒரு விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு அம்சம் இருந்தால், "இதற்கு முன் இல்லை" என்று சொல்லலாம். அது இல்லாததை வைத்து "இதற்குப் பின் இல்லை" என்று சொல்ல முடியாது. மலிவு விலைக் கருவிகளில் பழைய அமைப்பு பல ஆண்டுகள் தொடர்ந்தது.

கட்டைவிரலுக்கு ஆக்டேவ் கீ ஒன்றா இரண்டா என்று பாருங்கள். தனித்தனியாக இரண்டு இருந்தால் பழைய வடிவம். 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ன் தொடக்கத்திலும் அது சாதாரணம். கருவியின் கீழ் ஸ்வர எல்லை பி-யோடு நின்றுவிட்டதா, பி-ஃப்ளாட் வரை போகிறதா என்று பாருங்கள். பி-யோடு நின்றால் இன்னும் பழையதாக இருக்கலாம். பெல்லின் பெரிய கீகள் எந்தப் பக்கம் திறக்கின்றன? 1936-ல் செல்மர் "பேலன்ஸ்டு ஆக்‌ஷன்" மாடலில் அவற்றை வலப்பக்கத்துக்குக் கொண்டுபோனது, மற்றவர்கள் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தார்கள். ஆகவே இரண்டும் வலப்பக்கம் இருந்தால் 1936-க்குப் பிறகு என்று தாராளமாக நினைக்கலாம். இடப்பக்கம் இருந்தால் அது 1925 ஆகவும் இருக்கலாம், 1950 ஆகவும் இருக்கலாம். பி ஒரு பக்கமும் பி-ஃப்ளாட் மறுபக்கமுமாகப் பிரிந்திருப்பவையும் உண்டு. மேல் கையின் துளைகளும் கீழ் கையின் துளைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் கைக்கு வாகாகச் சற்றுத் திரும்பியிருந்தால், 1948-ல் செல்மர் கொண்டுவந்த அமைப்பைப் பார்த்துச் செய்தது.

துளைகளின் விளிம்பைத் தனியாகப் பாருங்கள். குழாயிலிருந்தே இழுத்து உயர்த்திய விளிம்பா, தனி வளையமாகச் செய்து பற்றவைத்ததா? பற்றவைத்திருந்தால் அடியில் மெல்லிய கோடு தெரியும். விளிம்பு வெளியே உருட்டி மடித்ததுபோல் வழுவழுப்பாக இருந்தால் அது பெரிய துப்பு. பிரெஞ்சுக் கருவிகளில் அதை அதிகம் செய்தது எஸ்.எம்.எல். என்கிற ஸ்ட்ராஸர்-மாரிகோ-லெமேர். 1930-களின் நடுவில் தொடங்கிய நிறுவனம் அது, மாரிகோ பெயரில் இன்றும் ஓபோ செய்கிறார்கள். அமெரிக்காவில் கிங் நிறுவனம் வழியாக "கிங் மாரிகோ" என்ற பெயரில் விற்றதும் இவர்கள் செய்ததுதான்.

அடுத்தது ஒப்பிடும் வேலை, இதற்குப் பொறுமை வேண்டும். பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் கடைக்காரருக்காக வார்ப்பு அச்சையும் கருவித் தொகுதியையும் மாற்றிக்கொண்டிருக்க எந்தப் பட்டறைக்கும் கட்டுப்படியாகாது. அதனால் இந்த இடங்களைப் பெரிதாகப் படம் எடுங்கள்: பெல்லையும் உடலையும் இணைக்கும் தாங்கியின் வடிவம், கழுத்துக் குழாயின் ஆக்டேவ் கீ வளைவு, இடது சுண்டு விரல் மேடை, கீ கார்டு (பெரிய கீகளைக் காக்கும் தடுப்பு) கம்பியாலா தகட்டாலா என்பதும் அது எத்தனை காலில் நிற்கிறது என்பதும், கீகளைத் தாங்கும் தூண்கள் குழாயில் தனித்தனியாக நிற்கின்றனவா ஒரு பட்டையின் மேல் வரிசையாக நிற்கின்றனவா என்பதும், கடைசியாகக் கட்டைவிரல் கொக்கி. பிறகு பெயர் உறுதியாகத் தெரிந்த டோல்னே, போனியே, பியெரே, குவெனோன், எஸ்.எம்.எல். கருவிகளின் படங்களைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று ஒத்துப்போனால் தற்செயலாக இருக்கலாம். தாங்கி, சுண்டு விரல் மேடை, கீ கார்டு மூன்றும் ஒன்றாக ஒத்துப்போனால் கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிடலாம்.

போனியேவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். சொந்தப் பெயரைவிட அடுத்தவர் பெயரில் அதிகம் அறியப்பட்ட பட்டறை அது. அமெரிக்காவின் கெனோஷாவில் லெப்லாங் நிறுவனம் விற்ற பழைய வீட்டோ, நோப்ளே சாக்ஸபோன்களில் பல போனியே செய்தவை. பிற்கால வீட்டோக்களில் ஜப்பானில் செய்தவையும் உண்டு, ஆகவே வீட்டோ என்ற பெயர் மட்டும் போதாது. நல்ல வேலைப்பாடு உள்ள போனியே ஒன்று மாணவர் கருவி என்று ஓரத்தில் கிடப்பதைப் பார்த்தால் மனசு வலிக்கும். டோல்னேவுக்கும் இதே கதிதான். 1880-லிருந்து மாந்த் பகுதியில் கருவி செய்த நிறுவனம், போருக்குப் பிந்தைய அதன் "பெல் ஏர்" மாடலை வாசித்துப் பார்த்தவர்கள் எளிதில் விடமாட்டார்கள்.

நான்காம் படி: சுருதி

பிரான்சில் 1859-லிருந்து நெடுங்காலம் அதிகாரபூர்வச் சுருதி ஏ-435, அதாவது ஏ ஸ்வரத்துக்கு வினாடிக்கு 435 அதிர்வு. இன்றைய 440-ஐவிட அது ஏறக்குறைய 20 சென்ட் (அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்கு) குறைவு, மவுத்பீஸைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போன சில கருவிகள் 452, 457 என்ற உயர் சுருதியில் செய்யப்பட்டன. அது இன்றைய சுருதிக்கு மேலே கிட்டத்தட்ட கால் ஸ்வரத்துக்கும் அதிகமாகக்கூட நிற்கும். மவுத்பீஸை வெளியே இழுத்தால் ஒரு ஸ்வரம் சரியாகும், மற்றவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, ஏனென்றால் துளைகளின் இடைவெளியே வேறு. பேட் (துளையை மூடும் மெத்தை) சரியாக மூடாமல் காற்று ஒழுகும்போது சுருதி பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அதற்கு முன் உடலின் நீளத்தை அதே வகையைச் சேர்ந்த நவீன ஆல்டோ அல்லது டெனரோடு அளந்து பாருங்கள். தெளிவாகக் குட்டையாக இருந்தால் உயர் சுருதியாக இருக்கும், வாசிக்கும் எண்ணத்தோடு வாங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: ஆவணங்களில் தேடுவது

இதுவரை சேர்த்த பெயர், முகவரி, காப்புரிமை எண் எல்லாவற்றையும் வைத்து இப்போது தேடலாம். எல்லாம் இலவசம், பிரெஞ்சு தெரியாவிட்டால் மொழிபெயர்ப்புக் கருவி போதும்.

பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளம்தான் முதல் நிறுத்தம். போத்தென் என்ற பாரிஸ் வணிக முகவரி நூல் ஆண்டுதோறும் வந்தது, அதில் தொழில்வாரியாகப் பெயரும் முகவரியும் இருக்கும். இசைக்கருவி தயாரிப்பாளர்கள் பகுதியில் உங்கள் பெயர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் நிறுவனத்தின் ஆயுள் தெரிந்துவிடும். தயாரிப்பாளர் வரிசையில் இல்லாமல் விற்பனையாளர் வரிசையில் மட்டும் வந்தால் அது கடைக்காரர் என்று ஊகிக்கலாம். பெயரை மட்டும் தட்டாமல் தெருவின் பெயரையும் தட்டித் தேடுங்கள். ஒரே முகவரியில் அடுத்தடுத்து வந்த நிறுவனங்களின் வாரிசு வரிசை அப்படித்தான் பிடிபடும்.

காப்புரிமைக்கு இரண்டு இடங்கள். 19-ஆம் நூற்றாண்டுக் காப்புரிமைகளை ஐ.என்.பி.ஐ. என்ற பிரெஞ்சுத் தொழில்சொத்து அலுவலகம் தனித் தரவுத்தளமாக வைத்திருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டுக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தளத்தில் பாருங்கள். வரைபடம் கிடைத்தால் உங்கள் கருவியின் கீ அமைப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படங்களுக்கு அருங்காட்சியகங்கள். பல நாட்டு அருங்காட்சியகங்களின் இசைக்கருவிகளை மிமோ தளத்தில் ஒரே இடத்தில் தேடலாம், பாரிஸ் பிலார்மோனியின் இசை அருங்காட்சியகமும் தன் சேகரிப்பை இணையத்தில் வைத்திருக்கிறது. லா கூத்தூர்-பூசேயில் 1888-ல் தொடங்கிய காற்றிசைக் கருவி அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அந்த வட்டாரப் பட்டறை என்று சந்தேகம் இருந்தால் அவர்களுக்குச் சுருக்கமாக எழுதலாம். "இதன் விலை என்ன" என்று கேட்காதீர்கள், அருங்காட்சியகங்கள் பொதுவாக அதற்குப் பதில் சொல்வதில்லை. நான்கு தெளிவான படங்கள், அளவுகள், முத்திரையில் உள்ள எழுத்துகள் அப்படியே, பின்பு ஒரே ஒரு கேள்வி என்று அனுப்பினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

ஆறாம் படி: எழுதி வைப்பது

கண்டுபிடித்ததை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: கருவியில் நேரடியாகப் பார்த்தது, ஆவணத்தில் உறுதியானது, நீங்கள் ஊகித்தது. "செதுக்கிய பெயர் இன்னது, கடைக்காரர். உடல் வேலை போனியேவோடு மூன்று இடங்களில் ஒத்துப்போகிறது. கீகள் வலப்பக்கம், எஸ்.ஜி.டி.ஜி. முத்திரை உண்டு, ஆகவே 1936-க்கும் 1968-க்கும் இடையில்" என்று எழுதினால் போதும், நேர்மையான முடிவு அது. "1947 போனியே" என்று சுருக்கி எழுதினால் அடுத்தவர் அதையே நகலெடுப்பார், பத்து ஆண்டில் அது வரலாறாகிவிடும். சின்ன பிரெஞ்சுப் பட்டறைகளைப் பற்றி இணையத்தில் சுற்றும் பல ஆண்டுக்கணக்குகள் இப்படி உறுதியில்லாமல்தான் கிடக்கின்றன, ஆதாரம் கேட்டால் யாரிடமும் இருக்காது.

விலையைப் பொறுத்தவரை, பேட் முழுவதும் மாற்றி, ஸ்பிரிங் போட்டு, கசிவை அடைக்க ஆகும் செலவு பெயர் தெரியாத ஆல்டோவின் சந்தை விலையைத் தாண்டிவிடலாம். லாபத்துக்கு வாங்குபவர்கள் இதைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். வாசிக்க வாங்குபவர்கள் முதலில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய்க் குழாய் வளைந்திருக்கிறதா, பழைய பற்றவைப்பு விட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். லாக்கரைச் சுரண்டிப் புதுப்பிக்கலாமா என்று அவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எழுதிய தாளின் ஒரு பிரதியைப் பெட்டிக்குள் வையுங்கள், பழைய கடைத்தகட்டைக் கழற்றாமல் அப்படியே விடுங்கள்.